படி ஒன்று: அலுமாரித் திறப்பு

ரெலிபோன் அடித்தாலே கேதீஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வரும். எட்டு வருசமாக அதே ரெலிபோனுக்குப் பதில் சொல்லிச் சம்பளம் வாங்கியவள்தான். அப்போதெல்லாம் ஒரு நாளைக்கு நூறு பேர் அழைப்பு எடுத்தாலும் "வணக்கம், சொல்லுங்க" என்று தேனாய்க் குழைவாள். இப்போது கதை வேறு. ஆறு மாதமாக அவள் பதில் சொல்கிறவள் இல்லை, எழுதுகிறவள். மட்டக்களப்பு நகரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கும் அந்தச் சின்ன மென்பொருள் கம்பனியில், செயலியை எப்படிப் பாவிப்பது என்று சனங்களுக்கு விளங்கும்படி உதவிக் குறிப்பு எழுதுவது அவளுடைய வேலை. ஒருவர் ரெலிபோன் எடுக்கிறார் என்றால், அவள் எழுதிய வரியில் எங்கேயோ அவருக்கு வழி தவறிவிட்டது என்று அர்த்தம். அந்தத் திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் எண்பத்தாறு பேர் எடுத்திருந்தார்கள்.

எண்பத்தாறு! அதுவும் எதைப் பற்றி? அவள் பார்த்துப் பார்த்து எழுதிய அந்த ஒற்றைத் தாளைப் பற்றி!

விசயம் இதுதான். வெல்லாவெளிப் பக்கத்துக் கமக்காரர் சம்மேளனம் ஒன்று இந்தச் சிறுபோகத்துக்கு, அதாவது கோடை வேளாண்மைக்கு, தண்ணீர்ப் பதிவைக் கைபேசிக்கு மாற்றியிருந்தது. மழை ஏமாற்றிப்போட்டது, குளத்தில் தண்ணீர் மட்டு. பதிந்த காணிக்குத்தான் முறைத் தண்ணீர், பதியாத காணி இந்தப் போகம் காயவேண்டியதுதான். முந்தி இந்தத் தொல்லையே இல்லை. வட்டை என்று சொல்லும் ஒவ்வொரு வயல்வெளிக்கும் ஒரு விதானை இருப்பார். அவருக்கு எந்த வரம்பு யாருடையது என்று மனப்பாடம். வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டே எல்லாப் படிவத்தையும் அவரே நிரப்பிவிடுவார், மற்றவர்கள் போய்க் கையெழுத்து வைத்தால் சரி. இந்த வருசம் அவரவர் தத்தம் கைபேசியில் பதியவேண்டும்.

அதற்கு முதலில் கொழும்பிலிருந்து ஓர் ஆலோசகர் எழுதித் தந்த உதவிக் குறிப்பு பதினான்கு பக்கம். உள்ளிடுக, சமர்ப்பிக்க, சரிபார்ப்புக் குறியீட்டினைப் பெற்றுக்கொள்க என்று வாசித்தால் பல் உடையும். கேதீஸ்வரி அதை அடித்து நொறுக்கிப் பன்னிரண்டு படியாக, ஒரு தாளின் இரண்டு பக்கத்துக்குக் கொண்டுவந்தாள். தொடுங்கள், எழுதுங்கள், அனுப்புங்கள். அவ்வளவுதான். ஒரு படியில் ஒரு வேலைக்கு மேல் இருந்தால் இரண்டாக வெட்டினாள். படங்களைக் கூடக் கம்பனியின் பெரிய கைபேசியில் எடுக்காமல், வயற்காரர் பாவிக்கிற மலிவான சின்னத் திரையில் எடுத்தாள். எழுதி முடித்த அன்று மண்டூர் வீட்டுக்குத் திரும்பும்போது, வாவியைக் கடக்கிற 'பாதை'யில், அதுதான் குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிப் போகிற தட்டை மிதவை, அதில் நின்றுகொண்டு அந்தத் தாளை மூன்று தரம் எடுத்துப் பார்த்துச் சிரித்தவள் அவள். அப்படிப்பட்ட தாள்!

பன்னிரண்டரைக்குச் சம்மேளனச் செயலாளர் கனகசிங்கம் எடுத்தார். ஓய்வு பெற்ற தபாலதிபர். ஒரு காலத்தில் ஊருக்கெல்லாம் கடிதம் வாசித்துக் காட்டியவர்.

"தங்கச்சி, குறை நினைக்காதீங்க. எங்கட ஆக்களுக்கு உங்கட தாள் விளங்குதில்ல. புளியடி வட்டையில முந்நூற்று நாப்பது காணி. பதிஞ்சது அறுபத்தொண்டு. மத்தவனெல்லாம் அடிச்சு அடிச்சுப் பார்த்தா, 'விபரம் பொருந்தவில்லை' எண்டு சிவப்பில வருகுதாம். வாசிக்கத் தெரியாத சனம், என்ன செய்ய? வீடியோ ஒண்டு எடுத்துப் போடுங்க."

கேதீஸ்வரிக்கு முகம் சுட்டது. "வாசிக்கத் தெரியாத சனமா ஐயா? எங்கட படுவான்கரையில பேப்பர் வாசிக்காத வீடு ஒண்டு காட்டுங்க பாப்பம்."

"அதுக்கு இல்ல தங்கச்சி..." என்று இழுத்துவிட்டு அவர் வைத்துவிட்டார்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த வினோஜனுக்கு எல்லாம் கேட்டது. கம்பனியை நடத்துகிறவன் அவன். முப்பது வயது நிரம்பவில்லை, கெட்டிக்காரன், கெட்டவனும் இல்லை. ஆனால் எதையும் எண்ணிக்கையாகத்தான் பார்ப்பான்.

"கேதி அக்கா, கனகசிங்கம் ஐயா சொல்றதும் சரிதானே. வெள்ளிக்கிழமை அந்திக்குப் பதிவு மூடுது. அதுக்குள்ள முந்நூறு தாண்டல்லயெண்டா அடுத்த போகத்துக்கு எழுத்தே வேணாம், எல்லாம் வீடியோதான். கொழும்புக் கம்பனி ஒண்டு விலையும் தந்திட்டு. நீங்க பழையபடி ரெலிபோனுக்கு வந்திருங்க."

"அப்ப இந்தப் போகம்?"

"இந்தப் போகம் என்ன செய்ய அக்கா..."

என்ன செய்யவாம்! இருநூற்று எழுபத்தொன்பது காணிக்குத் தண்ணீர் இல்லை, அதற்கு இவன் தோளைக் குலுக்குகிறான். கேதீஸ்வரிக்கு நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிக்கொண்டாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சனத்துக்கு வாசிக்கத் தெரியாது என்று சொல்வதும் அந்தக் கதைதான். பிழை தாளில் இருக்கவேண்டும், அது எந்த வரி என்று தெரியாததுதான் அவளை அரித்தது. பொருந்தாத பெயர்களைப் பார்க்கலாம் என்றால், அந்தப் புண்ணியச் செயலி நிராகரித்ததைச் சேமிப்பதில்லை, எண்ணிக்கையை மட்டும்தான் காட்டும். ரெலிபோனில் கேட்டாலும் எல்லோரும் ஒரே பாட்டு: "எல்லாம் நீங்க எழுதினபடிதான் புள்ள செய்யிறன்."

"எனக்கு நாளைக்கு ஒரு நாள் தாங்க தம்பி," என்றாள். "வெல்லாவெளிக்குப் போய் ஒரு ஆள் பதியிறத கண்ணால பார்க்கிறன். பார்க்காம எழுதினதுதான் பிழை."

செவ்வாய்க்கிழமை விடிகிற வெள்ளாப்பிலேயே புருசன் விஜிதரன் அவளை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் இறக்கிவிட்டுத் தான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினான். அவள் தேடிப் போனது சாமித்தம்பி வீட்டை. திங்கட்கிழமை ஐந்து தரம் ரெலிபோன் எடுத்தவர் அவர்தான். அறுபதை நெருங்கிய ஆள், மீசை இன்னும் கறுப்பு, ஒன்பது ஏக்கர் வேளாண்மை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தயாராக இருந்தார்.

"வாங்க மகள், இரிங்க. நீங்களே பாருங்க, நான் எங்க பிழைக்கிறன் எண்டு."

"நான் ஒண்டும் பறைய மாட்டன் அண்ணன். நீங்க தாளைப் பார்த்து உங்கட பாட்டுக்குச் செய்யுங்க. நான் வரல்லயெண்டு நினைச்சிக்கங்க."

சொல்வது லேசு, வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் கஷ்டம். கேதீஸ்வரி இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் இருந்துகொண்டாள், இல்லாவிட்டால் கை தானாகத் திரைக்குப் போய்விடும். சாமித்தம்பி ஒவ்வொரு படியையும் சத்தமாக வாசித்தார், பிறகு செய்தார். முதலாம் படி, பச்சைப் படத்தைத் தொடுங்கள். தொட்டார். இரண்டாம் படி, வட்டையின் பெயரைத் தெரிவுசெய்யுங்கள். புளியடி. மூன்று, காணியின் பதிவிலக்கம். ஒரு எண்ணும் தவறவில்லை. ஐயோ, இந்த மனிசன் வாசிக்கிற அழகைக் கனகசிங்கம் வந்து பார்க்கவேணும் என்று அவளுக்குப் பெருமையில் நெஞ்சு முட்டியது. நான்காம் படி, உங்கள் பெயரை முழுதாக எழுதுங்கள். கணபதிப்பிள்ளை சாமித்தம்பி. ஐந்து, அடையாள அட்டை இலக்கம். அட்டையைக் கையில் வைத்து ஒவ்வொன்றாக அடித்தார். அனுப்பினார். விபரம் பொருந்தவில்லை. சிவப்பில்.

"பார்த்தீங்களா மகள்!"

பார்த்தாள். ஒரு பிழையும் காணவில்லை. அவளுடைய தாளை இதைவிட ஒழுங்காக அவளே செய்திருக்கமாட்டாள்.

"அண்ணன், காணி உறுதியில உங்கட பேர் எப்படி எழுதியிரிக்கு எண்டு ஒருக்காப் பார்ப்பமா? எழுத்து ஒண்டு மாறினாலும் பொருந்தாது."

"உறுதியா? அது உள்ள அலுமாரியில. திறப்பு அவள்ட்ட." உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "இஞ்சேகா, அலுமாரியத் துறந்து அந்த உறுதிய எடுத்து வா."

அவருடைய மனுசி சீதேவிப்பிள்ளை மாவுக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்தாள். இடுப்பில் செருகியிருந்த திறப்புக் கோர்வையை எடுத்து, அலுமாரியைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்ரிக் உறையை எடுத்துக் கேதீஸ்வரியிடம் நீட்டினாள். உறுதியை விரித்தாள் கேதீஸ்வரி. கந்தப்போடி சீதேவிப்பிள்ளைக்கு, அவளுடைய தகப்பன் கலியாணத்தின் போது எழுதிக் கொடுத்த சீதனக் காணி. ஒன்பது ஏக்கரும்.

"இது அக்காட பேரில எல்லவா இரிக்கு?"

"ஓம்," என்றார் சாமித்தம்பி, அதில் கேட்க என்ன இருக்கிறது என்கிற மாதிரி. "அது எழுத்துக்கு. வேளாம செய்யிறது நான்தானே."

சீதேவிப்பிள்ளை அலுமாரியைத் திரும்பப் பூட்டினாள். அவள் வாய்க்குள் சிரித்ததைக் கேதீஸ்வரி கண்டாள்.

அட கடவுளே! முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஊர் முழுக்க இதுதானே முறை. பொம்பிளைப் பிள்ளைக்கு வீடும் வயலும், ஆம்பிளைப் பிள்ளை கலியாணம் செய்து பெண் வீட்டுக்குப் போவான், போய் அந்த வயலை ஆயுள் முழுக்கத் தன் வயல் என்று உழுவான். யாரும் அவனுக்கு அதை ஞாபகப்படுத்தமாட்டார்கள், அது மரியாதை இல்லை. விதானை எல்லாவற்றையும் அறிந்து பெண்டுகளின் பெயரிலேயே சத்தமில்லாமல் எழுதி வந்தார். உங்கள் பெயரை எழுதுங்கள் என்றாள் இவள். அவர்கள் எழுதினார்கள்! தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மாவா? கேதீஸ்வரி குடியிருக்கிற வீடு, செய்கிற இரண்டு ஏக்கர், லைட் பில் எல்லாம் அவளுடைய பெயரில்தான் கிடக்கிறது. கொழும்பு ஆலோசகருக்குத் தெரியாவிட்டால் மன்னிக்கலாம், மண்டூர்க்காரிக்குத் தெரியாமல் போனதை என்னவென்று சொல்ல?

சீதேவிப்பிள்ளையின் பெயரையும் அட்டை இலக்கத்தையும் போட்டு அனுப்பினார்கள். பச்சை வந்தது. சாமித்தம்பி குழந்தை மாதிரிக் கைதட்டினார். ஒன்று முடிந்தது, இன்னும் இருநூற்று எழுபத்தெட்டு. வீடு வீடாகப் போக மூன்று நாள் காணாது, தாள்தான் போகவேண்டும்.

திருத்துவது ஒரு நிமிச வேலை என்றுதான் நினைத்தாள். நான்காம் படியில் 'உங்கள் பெயர்' என்பதை வெட்டிக் 'காணிச் சொந்தக்காரரின் பெயர்' என்று போட்டாள். சரிவருமா என்று அங்கேயே வேலியோரம் நின்று, திங்கட்கிழமை அழைத்தவர்களில் மூன்று பேருக்கு ரெலிபோன் எடுத்து வாசித்துக் காட்டினாள். மூன்று பேரும் ஒரே பதில்: "ஓம் புள்ள, சொந்தக்காரன் நான்தான்." பொய் சொல்லவில்லை, பாவங்கள். முப்பது வருசம் சேற்றில் நின்றவனிடம் சொந்தக்காரன் யார் என்றால் வேறு என்ன சொல்வான்?

அந்திப்பட வீட்டுக்கு வந்தவள் இன்னொரு வரி எழுதினாள். காணி உங்கள் மனைவியின் பெயரில் இருந்தால் மனைவியின் பெயரை எழுதுங்கள். விஜிதரனைப் பிடித்து இருத்தி, நம்முடைய இரண்டு ஏக்கரைப் பதிவதாக நினைத்துச் செய்யுங்கள் என்று தாளைக் கொடுத்தாள். படித்த மனிசன், விஞ்ஞானம் படிப்பிக்கிற வாத்தியார். அந்த வரிக்கு வந்ததும் நின்றான்.

"இதென்ன, பெண்டாட்டி பேரா?"

"இரிக்கிறத எழுதினனான்."

"இரிக்கிறதுதான். அதுக்காக இப்படியா நோட்டீஸ் அடிச்சு உரக்கடையில ஒட்டுவாங்க? நான் ஆர் அப்ப இந்த வீட்டில, கூலிக்காரனா?" சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் காது நுனி சிவந்திருந்தது. கேதீஸ்வரி அதைக் கவனித்தாள்.

இந்தத் தாளை நாலு பேருக்கு முன்னால் சத்தமாக வாசிக்கப்போகிறவர்கள் சாமித்தம்பி போன்றவர்கள். மீசை வைத்த மனிசனைச் சந்தியில் வைத்துச் சிறுமைப்படுத்துகிற வரியை அவன் வாசிக்கமாட்டான், தாண்டிப் போவான். அது மட்டுமா? சில காணி மனைவி பெயரிலும் இல்லை, மாமி பெயரில் கிடக்கும். சிலது இன்னும் கலியாணம் முடிக்காத மச்சாள் பெயரில். இத்தனையையும் எழுதப் போனால் திரும்பப் பதினான்கு பக்கம்! சரியான விபரம் மட்டும் போதாது, அதை வாசிக்கிறவர் முகம் சுளிக்காமல் செய்யக்கூடியதாகவும் இருக்கவேண்டும். அதுதான் அவளுடைய தொழில். அதைச் செய்யத் தெரியாவிட்டால் வீடியோக்காரனே வரட்டும் என்று தன்னையே ஏசிக்கொண்டாள்.

உறுதியில் இருக்கிற பெயரைப் பார்த்து எழுதவேண்டும், அவ்வளவுதானே வேண்டும்? உறுதி எங்கே? அலுமாரியில். அலுமாரியைத் திறக்கிறது யார்?

கேதீஸ்வரி சோற்றுக் கையோடு எழும்பி ஓடினாள். விஜிதரன் "என்னகா, பாம்பா?" என்று கேட்க, பதில் சொல்லவும் நேரமில்லை. நான்காம், ஐந்தாம் படிகளை வெட்டி எறிந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே, புதிதாக முதலாம் படியை எழுதினாள்.

படி ஒன்று. கைபேசியைத் தொட முதல், வீட்டில் அலுமாரித் திறப்பு யாரிடம் இருக்கிறதோ அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்துங்கள். காணி உறுதியையும் எடுத்துவரச் சொல்லுங்கள்.

படி ஐந்து. உறுதியில் காணி யாருக்கு என்று எழுதியிருக்கிறதோ, அந்தப் பெயரை எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதுங்கள். அடையாள அட்டையும் அவருடையதே.

விஜிதரனிடம் திரும்ப நீட்டினாள். முதலாம் படியை வாசித்தான். வாசித்துவிட்டு, யோசிக்கக்கூட இல்லை, "கேதி, திறப்பைக் கொண்டு வாகா," என்றான். அதற்குப் பிறகு தான் சொன்னதைத் தானே கேட்டு, விழுந்து விழுந்து சிரித்தான். காது சிவக்கவில்லை.

புதன்கிழமை காலை வினோஜன் அதை வாசித்தபோது சிரிக்கவில்லை.

"அக்கா, இது மென்பொருள் உதவிக் குறிப்பு. அலுமாரி, திறப்பு... கலியாண வீட்டு அலுவல் மாதிரி இரிக்கு. இந்த 'அப்'பில எங்க அலுமாரி இரிக்கு?"

"அப்பில இல்ல தம்பி. வீட்டில இரிக்கு. 'அப்'பைப் பாவிக்கிற ஆள் வீட்டில எல்லவா இரிக்கார்?"

"கனகசிங்கம் ஐயா இதைப் பார்த்தா நம்மளப் பகிடி பண்ணுவார். முறையான வசனமா எழுதுங்க. 'காணி உறுதிப்பத்திரத்தில் குறிப்பிடப்பட்டுள்ள உரிமையாளரின்'..."

"அதை எழுத ஆள் வேணுமெண்டா கொழும்பில இரிக்கார். ஆறு மாசம் நான் எழுதினதில ஒரு வரி வெட்டுங்க எண்டா வெட்டினனான். இதை வெட்ட மாட்டன்." குரல் உயர்ந்ததை அவளே உணர்ந்தாள். உயரட்டும். "ஐயாவுக்கே எடுங்க. நான் வாசிக்கிறன், அவர் பகிடி பண்ணட்டும்."

வினோஜன் ரெலிபோனைச் சத்தமாகப் போட்டு மேசையில் வைத்தான். கேதீஸ்வரி முதலாம் படியை நிறுத்தி நிதானமாக வாசித்தாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வினோஜன், நான் சொன்னேனா இல்லையா என்கிற மாதிரிப் பார்த்தான். ரெலிபோனுக்குள் கதிரை கிறீச்சிட்டது. பிறகு, கையால் பொத்திக்கொண்டு பேசுகிற குரல், ஆனாலும் நன்றாகக் கேட்டது.

"இஞ்சேருங்க... அந்த அலுமாரித் திறப்பை எடுத்துக்கொண்டு ஒருக்கா வாங்க."

வினோஜனின் வாய் திறந்தபடி நின்றது. கேதீஸ்வரி உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஐந்து நிமிசம் இரண்டு பேரும் ரெலிபோனைப் பார்த்தபடியே இருந்தார்கள். கடைசியில் கனகசிங்கம் திரும்ப வந்தார்.

"தங்கச்சி... பச்சை வந்திட்டு."

"நீங்களும் பதியாமத்தான் இரிந்தீங்களா ஐயா?"

"நாலு தரம் அடிச்சுப் பார்த்தன்," என்றார் அந்த ஓய்வு பெற்ற தபாலதிபர். "வெளியில சொல்ல வெட்கமா இரிந்திச்சு. இந்தத் தாளை அனுப்புங்க, ஒரு எழுத்தும் மாத்தாம அனுப்புங்க. நான் அடிச்சு எல்லா இடமும் ஒட்டுறன்."

மத்தியானத்துக்குள் தாள் வாட்ஸ்அப்பில் பறந்தது. உரக்கடையில், பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில், கோயில் மதிலுக்குப் பக்கத்து அறிவித்தல் பலகையில் ஏறியது. சந்தியில் நின்று சத்தமாக வாசித்த ஆம்பிளைகள் முதலாம் படியில் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்களாம். "டேய் மச்சான், திறப்பு உன்னட்டயா, உன்ர மனுசியிட்டயா?" என்று கேட்டுப் பகிடி விட்டார்களாம். சிரித்தவன் எல்லாம் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டான். அவ்வளவுதானே வேண்டும்! புதன் அந்திக்கு நூற்று இருபது. வியாழன் இருநூற்று முப்பத்தைந்து. வெள்ளிக்கிழமை காலையில் வினோஜன் தன் மேசையை விட்டு எழும்பி வந்து அவளுடைய கதிரைக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தபடியே தேத்தண்ணி குடித்தான். முந்நூறு தாண்டியபோது "அக்கா!" என்று கத்தியதில் கீழே பேக்கரியில் இருந்தவர்கள் மேலே பார்த்தார்கள். அந்திக்கு மூடும்போது முந்நூற்று முப்பத்தாறு.

ஆனால் கேதீஸ்வரி அந்த எண்ணைவிட வேறொன்றைத்தான் கவனித்துக்கொண்டிருந்தாள். ரெலிபோன். வெள்ளிக்கிழமை முழுக்க அது இரண்டே தரம் அடித்தது, அதில் ஒன்று பிழையான இலக்கம். பாட்டுக்காரிக்குக் கைதட்டுவார்கள், சமையல்காரியிடம் இன்னும் கொஞ்சம் போடு என்பார்கள். உதவிக் குறிப்பு எழுதுகிறவளுக்கு யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், அதுதான் அவளுக்குப் பாராட்டு. அடிக்காத ரெலிபோனைப் பார்த்துக்கொண்டு, நான் எழுதினது, நான் எழுதினது என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். அதில் என்ன வெட்கம்? வீடியோக்காரனுக்கு வேண்டாம் என்று வினோஜன் கடிதம் போட்டதைக்கூட அவள் பிறகுதான் அறிந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வெல்லாவெளியில் கன்னக் கூட்டம். எந்த வாய்க்காலுக்கு எந்த நாளில் தண்ணீர் என்று போகத்துக்கு முதல் கூடி முடிவெடுக்கிற கூட்டம் அது. கனகசிங்கம் வற்புறுத்தி அழைத்ததால் கேதீஸ்வரியும் போனாள். மண்டப வாசலில் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கன்னக் கூட்டம் என்றால் வேட்டியும் சாரமும்தான். பத்துப் பொம்பிளை வந்தால் அதிசயம். இன்றைக்கு மண்டபம் நிறையச் சேலை! கதிரை போதாமல் பள்ளிக்கூடத்திலிருந்து நீட்டு வாங்குகளைத் தூக்கிவந்துகொண்டிருந்தார்கள். இதென்ன கூத்து என்று அவளுக்கு விளங்க ஒரு நிமிசம் எடுத்தது. பன்னிரண்டாம் படி! 'பதிவு செய்யப்பட்ட பெயருக்குரியவர் ஞாயிறு கூட்டத்துக்கு வாருங்கள்.' தொடக்கத்திலிருந்தே இருந்த வரி, அவள் கை வைக்காத வரி. முதலாம் படியை மாற்றியபோது அந்த வரி வேறு ஆட்களைக் கூப்பிட்டுவிட்டது. பதிந்தவர்கள் ஒவ்வொரு படியாகச் செய்துகொண்டே போயிருக்கிறார்கள், கடைசிப் படியையும் விடாமல். வாசிக்கத் தெரியாத சனமாம்!

கனகசிங்கம் பட்டியலை வாசிக்கத் தொடங்கினார். விதானை காலத்தில் 'இன்னார் வயல்' என்று ஆம்பிளைகளின் பெயர்தான் கூட்டத்தில் கேட்கும். இது செயலி அடித்த பட்டியல், உறுதியில் உள்ளபடி. "கந்தப்போடி சீதேவிப்பிள்ளை, ஒன்பது ஏக்கர்."

சீதேவிப்பிள்ளை எழும்பினாள். "வந்திரிக்கன்," என்றாள். திரும்பக் கதிரையில் இருப்பாள் என்று எல்லோரும் பார்த்தார்கள், இருக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஒண்டு கேட்கவேணும். புளியடிச் சின்ன வாய்க்கால் மூணு வருசமாத் தூர்ந்து கிடக்கு. தலைப்பு வயலுக்குப் பாயுது, கடைசி வயலுக்கு ஏறுதில்ல. போன போகம் எங்கட மூணு ஏக்கர் காஞ்சு போச்சு. தண்ணி திறக்க முதல் அதை வெட்டித் தருவீங்களா, இல்லையா?"

முன்னால் மேசைக்குப் பின் இருந்த நீர்ப்பாசனப் பொறியியலாளர் தாளைப் புரட்டினார், நிமிர்ந்தார், அவளைத் தாண்டிப் பார்வையை ஓடவிட்டுச் சாமித்தம்பியைக் கண்டுபிடித்தார். "சாமித்தம்பியண்ணன், அது வந்து, இந்த முறை நிதி..."

சாமித்தம்பி கதிரையில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டார்.

"என்னட்ட ஏன் சொல்றீங்க?" என்றார், மண்டபம் முழுக்கக் கேட்க. "காணிக்காரி அந்தா நிக்கிறா. கேட்டதும் அவதான். அவட முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க."

பின்வரிசையில் இருந்த கேதீஸ்வரிக்குக் கண் நிரம்பிவிட்டது. துடைக்கவும் இல்லை, யார் பார்த்தால் என்ன? பொறியியலாளர் பேனாவை எடுத்து, சீதேவிப்பிள்ளையின் பக்கம் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை தூர்ந்திருக்கிறது என்று அவளிடம் கேட்டு எழுதத் தொடங்கினார்.